கொட்டை எழுத்தும் பெரிய எழுத்தும்

ஒரு செய்தி எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அச்சாகியிருந்தால், "கொட்டை எழுத்துல போட்டிருக்கானே, பார்க்கலையா?" என்று கேட்பது நம் வழக்கம். எழுத்து தடித்து, உருண்டு திரண்டு, தூரத்திலிருந்தே ஆளைக் கூப்பிட வேண்டும். அதுதான் கொட்டை எழுத்து. இதே தமிழில் 'பெரிய எழுத்து' என்று இன்னொரு வழக்கும் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. ஒன்று கூப்பிடுகிற எழுத்து, மற்றது படிக்க வைக்கிற எழுத்து. இந்த வேறுபாடு அச்சகக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல. தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கிற நமக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது. ஏன் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தின் கொட்டை எழுத்து

முதலில் ஆங்கில எழுத்தைப் பார்ப்போம். ஆங்கில நாளிதழில் வரும் எழுத்தை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் சிறு பாதம் ஒன்று இருப்பது தெரியும். இதற்கு 'செரிஃப்' என்று பெயர். சாதாரணப் புத்தக எழுத்தில் இந்தப் பாதம் மெல்லியதாக, கூர்மையாக இருக்கும். அதையே செங்கல் வைத்தாற்போல் கனமாகவும் சதுரமாகவும் வைத்தால் 'ஸ்லாப் செரிஃப்' எழுத்து கிடைக்கிறது. பட்டைப் பாத எழுத்து என்று தமிழில் சொல்லலாம்.

இது பிறந்தது இங்கிலாந்தில். 1815ஆம் ஆண்டு லண்டனில் வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பாளர் தம் மாதிரி ஏட்டில் இவ்வகை எழுத்தை 'ஆண்டிக்' என்ற பெயரில் வெளியிட்டார். தொழிற்புரட்சிக் காலம் அது. லாட்டரிச் சீட்டு, நாடகம், சரக்கு விற்பனை என்று சுவர் முழுக்க விளம்பரம். புத்தகத்துக்கென்று வரைந்த மெல்லிய எழுத்து தெருவில் எடுபடவில்லை. அதனால் அதைத் தடிக்க வைத்தார்கள். நெப்போலியனின் படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பாவில் எகிப்து மோகம் பரவியிருந்தது. எழுத்துக்கும் எகிப்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும், 'எஜிப்ஷியன்' என்ற பெயர் இந்த எழுத்துக்கு ஒட்டிக்கொண்டது.

அடுத்த முக்கியமான ஆண்டு 1845. ராபர்ட் பெஸ்லி என்பவர் 'கிளாரண்டன்' என்ற எழுத்தை வெளியிட்டார். புத்தகத்தின் சாதாரண எழுத்தோடு ஒரே வரியில் நின்று, குறிப்பிட்ட ஒரு சொல்லை மட்டும் தூக்கிக் காட்டுவது இதன் வேலை. அகராதியில் தலைச்சொல் தடித்தும் பொருள் மெலிந்தும் இருக்கிறதே, அந்தப் பழக்கம் பரவ இது வழிசெய்தது. இதற்கு மூன்றாண்டுப் பதிவுரிமையும் பெற்றார்கள். உரிமை முடிந்ததும் மற்றவர்கள் நகல் எடுத்துக் குவித்துவிட்டார்கள்.

பிறகு 1934இல் மானோடைப் நிறுவனத்தின் 'ராக்வெல்' வந்தது. இதில் கோடு ஏறக்குறைய ஒரே தடிமன். பாதமும் அதே தடிமன். அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி இருக்கும். உறுதி, நேர்மை, கொஞ்சம் முரட்டுத்தனம் ஆகியவைதான் இதன் குணம். நம்ம ஊரிலேயே இந்தக் குடும்பத்தைத் தினமும் பார்க்கிறோம். சோனி, ஹோண்டா ஆகிய பெயர்கள் பட்டைப் பாத எழுத்துகளே. பெங்களூரில் பலர் வேலை பார்க்கும் ஐபிஎம் நிறுவனத்தின் சின்னமும், ஜெர்மானியர் கியார்க் ட்ரம்ப் 1930இல் வரைந்த 'சிட்டி' என்ற பட்டைப் பாத எழுத்தைத் தழுவியதுதான்.

தட்டச்சு எழுத்தான 'கூரியர்' கூட இந்த இனமே. அதற்குக் காரணம் அழகு அல்ல. தட்டச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான 'ஐ'யும் 'எல்'லும் அந்த அகலத்தை நிரப்ப வேண்டுமானால், கீழே நீளமான பாதம் வைத்தாக வேண்டும். ஆக, பாதம் என்பது வெறும் அலங்காரம் இல்லை. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது.

தமிழுக்குப் பாதம் பொருந்துமா?

அப்படியானால் தமிழ் எழுத்துக்கும் செங்கல் பாதம் வைத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ரோமன் எழுத்து பட்டைப் பேனாவால் எழுதி வளர்ந்தது. அதனால் தடிமனும் மெலிவும் அதன் உடம்பிலேயே உண்டு. நம் எழுத்து நெடுங்காலம் பனையோலையில் எழுத்தாணியால் கீறப்பட்டது. எழுத்தாணி எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே தடிமன்தான். அந்த வகையில் தமிழும் பட்டைப் பாத எழுத்தும் உறவுக்காரர்கள்: இரண்டும் கோட்டைச் சமமாக நடத்துபவை. ஆனால் பாதம் என்று வரும்போது வழி பிரிகிறது.

தமிழ் எழுத்தில் படுக்கைக் கோடுகள் ஏற்கெனவே எழுத்தின் உறுப்பாக இருக்கின்றன. 'க, ச, த' மூன்றுக்கும் மேலே ஒரு கட்டை உண்டு. 'ட, ப, ம, ய' எழுத்துகளுக்குக் கீழே தரை உண்டு. 'ட'வின் வலது நுனியில் ஒரு சின்னப் பாதத்தை மேல்நோக்கி வைத்துப் பாருங்கள், அது 'ப'வாக மாறத் தொடங்கிவிடும். துணைக்காலுக்குக் கீழே ஒரு பாதம் வைத்தால் அது 'ர'வைப் போல் தெரியும். ஆங்கிலத்தில் 'எச்' எழுத்துக்கு நான்கு பாதம் வைத்தாலும் அது 'எச்'தான். நமக்கோ ஒரு பாதத்திலேயே எழுத்து மாறிவிடும் அபாயம் இருக்கிறது. இதனால்தான் ஆங்கிலப் பட்டைப் பாத எழுத்தை அப்படியே தமிழுக்குப் பெயர்க்க முடிவதில்லை. தமிழில் அதன் வேலையைப் பாதம் இல்லாமல், வெறும் தடிமனே செய்ய வேண்டியிருக்கிறது.

தடித்தால் என்ன ஆகும்?

தடிமனும் சும்மா கிடைப்பதில்லை. பள்ளியில் 'மூணு சுழி ண', 'ரெண்டு சுழி ன' என்று சொல்லித்தான் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வேறுபாடு ஒரே ஒரு சுழியில் இருக்கிறது. கோடு தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை இடம் சுருங்குகிறது. கடைசியில் சுழி அடைந்து மைப்பொட்டாகிவிடுகிறது. கல்யாணப் பத்திரிகையில் 'திருமணம்' என்று போட்டிருந்தாலும், பார்ப்பவர் கண்ணுக்கு அது 'திருமனம்' ஆகிவிடும். மணமும் மனமும் ஒன்றாகட்டும் என்று வாழ்த்தலாம். எழுத்தில் ஒன்றாகக் கூடாது அல்லவா!

இதே கதைதான் குறிலுக்கும் நெடிலுக்கும். 'மின்', 'மீன்' இரண்டையும் பிரிப்பது மேலே உள்ள சின்ன வளையம். அது அடைந்தால் மின்சாமான் கடையும் மீன் கடையும் ஒன்றாகிவிடும். 'கொடி', 'கோடி', 'பெட்டி', 'பேட்டி' ஆகியவற்றைப் பிரிப்பது கொம்பின் தலையில் உள்ள சுழிதான்.

இங்கே ஒரு பழைய வரலாற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாட்டையும் இடத்தைப் பார்த்துப் படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அந்த வேறுபாட்டுக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார். அச்சு பரவிய பிறகுதான் புள்ளி முறையாக நிலைபெற்றது. இத்தனை காலம் எடுத்துச் சேர்த்த தெளிவை, தடிமன் என்ற பெயரில் ஒரே நாளில் பழைய ஓலைக்கே திருப்பி அனுப்பிவிடுகிறோம். புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நமக்கு இருப்பது இரண்டே வழி

ஆங்கிலத்தில் ஒரு சொல்லைத் தூக்கிக் காட்ட நான்கு வழிகள் இருக்கின்றன: தலைப்பெழுத்து, சாய்வெழுத்து, தடித்த எழுத்து, பெரிய அளவு. தமிழில் தலைப்பெழுத்து கிடையாது. சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. கணினியில் சாய்த்துவிடலாம், ஆனால் கண் அதை அழுத்தமாக எடுத்துக்கொள்வதில்லை. மிஞ்சுவது தடிமனும் அளவும். அதனால்தான் தமிழில் தடித்த எழுத்தின் மேல் இவ்வளவு சுமை. தலைப்பு, பெயர், தேதி, நன்றி, எச்சரிக்கை எல்லாவற்றுக்கும் அதே மருந்து. பக்கம் முழுக்கத் தடித்துப் போனால் எதுவும் தடித்ததாகத் தெரியாது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் குரல் கேட்கும்?

கொட்டை எழுத்தைச் சரியாகப் பயன்படுத்தியவர்களும் நம்மிடம் உண்டு. 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய தினத்தந்தி, டீக்கடைப் பெஞ்சில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்கும் வாசகர்களைத் தேடிப் போன பத்திரிகை. தலைப்பு பெரிதாக, தடித்து இருக்கும். சொற்கள் குறைவாக, பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் செய்தியின் உடல் பகுதி சாதாரண எழுத்திலேதான் வரும். கூப்பிட ஒரு எழுத்து, சொல்ல ஒரு எழுத்து என்ற கணக்கு அதில் தெளிவாக இருந்தது.

பெரிய எழுத்து என்ற மரபு

இனி இரண்டாவது வழியான அளவுக்கு வருவோம். தமிழ் அச்சின் கதையே எழுத்தின் அளவோடு நடந்த போராட்டம்தான். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தொடங்கி இக்கதையைச் சொல்லலாம். தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து 1715இல் வேலையை முடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் இன்னும் சிறிய, சீரான எழுத்துகளை உருவாக்கினார். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அந்த அச்சகத்தின் வேலை. எழுத்தைச் சிறிதாக்குவது அன்று ஒரு சாதனை.

இதற்கு நேர் எதிரான பாதையில் போனவை 'பெரிய எழுத்து' நூல்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்றெல்லாம் பி. இரத்தின நாயக்கர் அண்ட் சன்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகங்கள் மலிவு விலையில் வெளியிட்டவற்றை நம் தாத்தா பாட்டி வீட்டில் பலர் பார்த்திருப்பீர்கள். இங்கே அளவே விற்பனைப் பெயராகிவிட்டது பாருங்கள்! மங்கிய விளக்கில் படிப்பவர், அரைகுறையாக எழுத்துக் கூட்டுபவர், வயதானவர் ஆகியோருக்கான எழுத்து அது. அதில் தடிமன் அல்ல விஷயம். சுழி திறந்திருக்கும், புள்ளி தனியாக நிற்கும், வரிக்கு வரி மூச்சு விட இடம் இருக்கும். படிக்கத் தெரியாதவரைப் படிக்க வைத்தது அந்தப் பெரிய எழுத்துதான்.

நம் பிள்ளைகள் நிலை

இப்போது பெங்களூருக்கு வருவோம். இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், படிப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வகுப்போடு சரி. மற்றபடி அவர்கள் கண்ணில் படும் தமிழ் எது? கோயில் அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை, சங்க விழாப் பேனர், கைப்பேசியில் வரும் வாழ்த்துப் படம். பார்த்தீங்கன்னா, இவை எல்லாமே கொட்டை எழுத்து வகையறா. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு ஒரு சுழி அடைந்தாலும் பரவாயில்லை. ஆயிரம் முறை பார்த்த சொல், கண் தானே நிரப்பிக்கொள்ளும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற நம் பிள்ளைக்கு அந்தச் சேமிப்பு இல்லை. சுழியை எண்ணித்தான் அது படிக்க வேண்டும். எண்ண முடியாவிட்டால், "எனக்குத் தமிழ் படிக்க வராதுப்பா" என்று விலகிவிடும். குற்றம் பிள்ளையுடையது அல்ல, எழுத்துடையது.

பலகையிலும் நமக்கு இட நெருக்கடி உண்டு. கர்நாடகத்தில் 2024இல் திருத்தப்பட்ட சட்டப்படி கடை, நிறுவனப் பெயர்ப் பலகைகளில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். நாம் வாழும் மண்ணின் மொழிக்கு முதலிடம் என்பது நியாயம்தான். மீதியில் ஆங்கிலத்தோடு தமிழும் இடம் பிடிக்க வேண்டும். கன்னட எழுத்துக்கு ஒத்தக்ஷரம் கீழே தொங்குவதால் உயரம் வேண்டும். தமிழுக்கு மெய்யெழுத்துகள் வரிசையாக நீள்வதால் அகலம் வேண்டும். குறைந்த இடத்தில் தமிழைத் தடித்த எழுத்தில் திணித்தால் சொல் நெரிசலாகி ஒரே கறையாகத் தெரியும். சிறிய இடத்துக்கு நடுத்தரத் தடிமனே நல்லது. எழுத்துக்கிடையே கொஞ்சம் காற்று விட்டால் அதுவே தூரத்திலிருந்து தெரியும்.

கணினியின் போலித் தடிமன்

பழைய அச்சகத்தில் தடித்த எழுத்து வேண்டுமானால் அதற்கென்று தனி வார்ப்பு இருக்க வேண்டும். இன்று 'போல்ட்' பொத்தானை அமுக்கினால் போதும். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக வரையப்படாமல் இருந்தால், கணினி என்ன செய்யும் தெரியுமா? மெல்லிய எழுத்தின் ஓரத்தைச் சுற்றிலும் மையைப் பூசி ஊதிவிடும். இது போலித் தடிமன். சுழியைத் திறந்து வைக்க வேண்டும், புள்ளியைத் தள்ளி வைக்க வேண்டும் என்ற அறிவு அந்தப் பொத்தானுக்குக் கிடையாது. எழுத்தை வரைந்த கலைஞனுக்குத்தான் அது தெரியும்.

நல்ல வேளையாக இன்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் கட்டுமரத்தின் பெயர் தாங்கிய 'கட்டமரான்' எழுத்துருவில் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்கள் தனித்தனியாக உள்ளன. கூகுளின் 'நோட்டோ செரிஃப் தமிழ்', மும்பை ஏக் டைப் குழு 2022இல் வெளியிட்ட 'அனேக் தமிழ்' ஆகியவற்றிலும் பல தடிமன்கள் உண்டு. கொட்டை எழுத்தாகவே திட்டமிட்டு வரையப்பட்டது வேண்டுமானால், அதே குழுவின் 'பாலூ தம்பி' இருக்கிறது. இதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சியும் உண்டு. இதன் கன்னட வடிவத்துக்குப் பெயர் 'பாலூ தம்ம'. கன்னடத்தில் தம்ம என்றாலும் தம்பிதான். தமிழும் கன்னடமும் ஒரே பலகையில் வரும்போது இந்த இரண்டு தம்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள்.

நாம் செய்யக்கூடியவை

அவென்யூ ரோட்டிலோ சிக்பேட்டையிலோ பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது, வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை; பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே. சில எளிய வழிகள்:

முதலாவது, தடித்த எழுத்தைத் தலைப்புக்கும் பெயருக்கும் மட்டும் வையுங்கள். விவரங்களுக்குச் சாதாரண எழுத்தை ஒரு அளவு பெரிதாக்குங்கள்.

இரண்டாவது, பிழை திருத்தும் படியைத் திரையில் மட்டும் பார்க்காமல் தாளில் எடுத்து, கை நீளத் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். 'ண, ணை, ஞ, கீ, கே' ஆகிய எழுத்துகளின் சுழி திறந்திருக்கிறதா, புள்ளி பிரிந்து நிற்கிறதா என்று கவனியுங்கள்.

மூன்றாவது, 'கொ, கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறிப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சில மென்பொருள்களில் இப்படி நேரும்.

நான்காவது, பேனர் வைக்கும்போது தூரத்தைக் கணக்கிடுங்கள். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது ஆங்கில எழுத்துக்குப் பலகைத் தொழிலில் சொல்லும் கணக்கு. சுழியும் கொம்பும் உள்ள தமிழுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தையும் பக்கத்தில் போட வேண்டியிருந்தால், கோடு சமமாக உள்ள எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் தமிழோடு ஒத்துப்போகும். பட்டைப் பாத எழுத்து அங்கே நல்ல துணை.

ஐந்தாவது, இதுதான் முக்கியம்: சங்கத்தின் வகுப்பேட்டிலும் பிள்ளைகளுக்கான பக்கத்திலும் கொட்டை எழுத்து வேண்டவே வேண்டாம். அங்கே பெரிய எழுத்து போதும். விளக்கடியில் எழுத்துக் கூட்டிய தாத்தா பாட்டிக்கு எது தேவைப்பட்டதோ, அதுவேதான் இன்று பெங்களூரில் எழுத்துக் கூட்டும் பேரன் பேத்திக்கும் தேவைப்படுகிறது.

அடுத்த விழாவுக்குப் பேனர் எழுதும்போது கொட்டை எழுத்தில் தாராளமாக ஊரைக் கூப்பிடுவோம். வந்து உட்கார்ந்த பிள்ளை கையில் கொடுக்கிற தாளில் மட்டும் மூணு சுழி மூணாகவே தெரியட்டும்.